கொள்ளைநோய்க் காலத்தில் சபையை நடத்துதல்: வடசென்னையில் புதிதாகப் பொறுப்பேற்றவர்களுக்கு

ஆலயக் குழுவுக்கு முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கும், பகுதி ஜெபக்குழுவின் பொறுப்பை அண்மையில் ஏற்றவர்களுக்கும், சிறிய சபையொன்றுக்குப் புதிதாக வந்திருக்கும் ஊழியர்களுக்கும் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். 2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் தேதி மாலை கொரோனா தொற்றைத் தடுக்கத் தமிழகமெங்கும் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தபோது, தண்டையார்பேட்டைப் பக்கத்தில் ஒரு சபையின் செயலாளராக நான் இருந்தேன். குருத்தோலை ஞாயிறுக்குப் பன்னிரண்டு நாள்களே இருந்தன. அந்த நாள்கள் முழுவதையும் ஆராதனையை எப்படி ஒளிபரப்புவது என்பதிலேயே செலவழித்தோம். யூடியூப் கணக்கு தொடங்கினோம், மைக் வாங்கினோம், கைபேசியை நிறுத்திவைக்க ஒரு தாங்கியை இரவல் கேட்டு அலைந்தோம். ஈஸ்டர் கழிந்த அடுத்த வாரத்தில்தான் ஒரு செய்தி எங்களுக்கு எட்டியது. ஆலயத்திலிருந்து மூன்று தெரு தள்ளி ஒற்றை அறையில் தனியாக வாழ்ந்த ஒரு விதவைத் தாயார், ஏறக்குறைய மூன்று வாரமாக ஒருவேளைச் சாப்பாட்டோடு இருந்திருக்கிறார். அவரிடம் பட்டன் போன் மட்டுமே இருந்தது. அவர் செலுத்தவேண்டிய சந்தா நிலுவை எவ்வளவு என்பது எங்கள் ஏட்டில் இருந்தது. அவருடைய தொலைபேசி எண் இல்லை.

அந்த ஏட்டைப் பார்த்த நாளில்தான் எங்கள் வேலையின் வரிசை மாறியது. ஆராதனையை எப்படி நடத்துவது என்ற கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி, யாரை யார் தேடிப்போவது என்ற கேள்வியை முதலிடத்துக்குக் கொண்டுவந்தோம். நீங்களும் அங்கிருந்தே தொடங்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

முதற்படி: தெருவாரியாக ஒரு வீட்டேடு

சபையின் உறுப்பினர் பதிவேடு பெரும்பாலும் பிறப்பு, ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருமணம், சந்தா ஆகியவற்றை மட்டுமே காட்டும். இன்று யார் எங்கே வசிக்கிறார் என்பதை அது காட்டாது. வடசென்னையில் இது பெரிய இடைவெளி. பதிவேட்டில் காசிமேடு அல்லது வியாசர்பாடி முகவரியில் இருக்கும் குடும்பம், குடியிருப்பு இடிக்கப்பட்டபின் நகரின் தென்பகுதியில் உள்ள பெரும்பாக்கத்துக்கோ கண்ணகி நகருக்கோ மாற்றப்பட்டிருக்கும். ஞாயிறுதோறும் இரண்டு பேருந்து மாறி இங்கே வந்துகொண்டிருக்கும். 2004ஆம் ஆண்டின் சுனாமிக்குப் பிறகு கடற்கரைக் குப்பங்களிலிருந்து எர்ணாவூர்க் குடியிருப்புகளுக்குப் போனவர்களும் அப்படியே. பேருந்து நின்ற அன்றே இவர்கள் சபையின் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். ஆகவே பழைய பதிவேட்டைத் திருத்திக்கொண்டிருக்காமல், ஒரு புதிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தெருவாரியாக எழுதத் தொடங்குங்கள்.

ஒவ்வொரு வீட்டுக்கும் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் எத்தனை பேர், அவர்களில் தனியாக வசிப்பவர் உண்டா, யாரிடம் எந்த வகைக் கைபேசி இருக்கிறது, அது பகலில் வீட்டில் இருக்குமா அல்லது வேலைக்குப் போகும் மகனோடு போய்விடுமா என்பவை முதலில் வரவேண்டும். அடுத்து வருமானம் நாள்கூலியா மாதச் சம்பளமா என்பதும், துறைமுகச் சுமைவேலை, மீன்பிடி, வீட்டுவேலை, ஆட்டோ ஆகியவற்றில் எது என்பதும் வரவேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், டயாலிசிஸ், காசநோய் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குடும்ப அட்டை எந்த நியாயவிலைக் கடையில் இருக்கிறது, கழிப்பறை வீட்டுக்குள் இருக்கிறதா அல்லது பல குடும்பங்களுக்குப் பொதுவா, ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் தனியே படுக்க இன்னொரு அறை உண்டா என்பனவற்றையும் விடாதீர்கள். 2020ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களில் மாநகராட்சியின் ராயபுரம், தண்டையார்பேட்டை மண்டலங்களில் தொற்று மிகுதியாகப் பரவியபோது, "வீட்டிலேயே தனிமையில் இருங்கள்" என்ற அறிவுரை எத்தனை வீடுகளில் நடக்கவே முடியாததாக இருந்தது என்பதை இந்தக் கடைசிக் கேள்விதான் எங்களுக்குக் காட்டியது.

இந்த ஏடு ஒரே இடத்தில், ஆயரிடமோ செயலாளரிடமோ இருக்கட்டும். அதைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. ஒருவருடைய காசநோய் தெரு முழுவதும் தெரிந்துபோனால், அடுத்தமுறை உங்களிடம் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இரண்டாம் படி: விசாரிக்கும் பொறுப்பைப் பங்கிடுதல்

எட்டுப் பத்து வீடுகளுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடுங்கள். ஆலயக் குழுவினர் மட்டும் போதமாட்டார்கள். பெண்கள் ஐக்கியத்தாரும் வாலிபர்களும் ஞாயிறு பள்ளி ஆசிரியர்களும் சேரவேண்டும். அந்தந்தத் தெருவில் வசிப்பவரையே அந்தத் தெருவுக்கு நியமியுங்கள். தெருமுனையில் தகரம் அடித்து அடைத்துவிட்ட நாள்களில், உள்ளே இருந்தவர்களால் மட்டுமே உதவ முடிந்தது.

வாரம் இரண்டுமுறை ஒவ்வொரு வீட்டோடும் பேசவேண்டும். எப்படிப் பேசுவது என்பதில் புதியவர்கள் கவனமாக இருக்கவேண்டும். "எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டால், "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம் தம்பி" என்ற பதிலே வரும். அது விசுவாசத்திலிருந்து வரும் பதில். அடுப்பு எரியாத வீட்டிலிருந்தும் அதே பதில்தான் வரும். ஆகவே குறிப்பான கேள்விகளைக் கேளுங்கள். இன்று காலை என்ன சமைத்தீர்கள், சர்க்கரை மாத்திரை இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, தண்ணீர் லாரி கடைசியாக எப்போது வந்தது, பையனுக்கு இந்த வாரம் வேலை இருந்ததா என்று கேட்டால் நிலைமை தானாகத் தெரிந்துவிடும். அதன்பிறகு ஜெபம் செய்யுங்கள். அப்போது எதற்காக ஜெபிக்கவேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பேசியதில் தெரிந்த தேவைகளை அன்றிரவே ஒருவரிடம் சொல்லவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை முதலிலேயே முடிவுசெய்துவிடுங்கள். எங்களிடம் ஓய்வுபெற்ற ஒரு பள்ளி ஆசிரியை அதைச் செய்தார். இரவு எட்டு மணிக்குமுன் வந்த தேவைக்கு மறுநாள் மதியத்துக்குள் ஏதேனும் ஒரு பதில் போயிருக்கவேண்டும் என்பது அவர் வைத்த விதி.

மூன்றாம் படி: அரசாணைகளைப் பின்தொடர ஒருவர்

கொள்ளைநோய்க் காலத்தில் விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும். 2020 மார்ச்சில் மூடப்பட்ட வழிபாட்டுத் தலங்கள் சென்னையில் பொதுவாகத் திறக்கப்பட்டது அவ்வாண்டு செப்டம்பர் 1ஆம் தேதி. இரண்டாம் அலையில் 2021 ஏப்ரல் 26 முதல் மீண்டும் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, ஜூலை 5ஆம் தேதி திறக்கப்பட்டன. அதற்குப்பிறகு, ஆகஸ்டு முதல் அக்டோபர் நடுப்பகுதி வரை, வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாள்களும் வழிபாட்டுத் தலங்களுக்குள் பொதுமக்களுக்கு அனுமதியில்லை என்ற கட்டுப்பாடு இருந்தது. 2022 ஜனவரியிலும் அதே கட்டுப்பாடு திரும்ப வந்தது. ஞாயிறு இல்லாத சபை என்பதை அதுவரை நாங்கள் கற்பனை செய்ததில்லை. புதன் மாலை ஆறு மணி ஆராதனையை ஞாயிறு ஆராதனைக்கு ஈடாக ஏற்றுக்கொள்ளப் பெரியவர்களுக்கு மூன்று வாரம் ஆனது. ஏற்றுக்கொண்டபின் சிலர் அதையே விரும்பினார்கள்.

இதிலிருந்து கற்றது என்னவென்றால், மூன்று நிலைகளுக்கும் திட்டத்தை முன்கூட்டியே எழுதிவைத்திருக்கவேண்டும்: ஆலயம் முழுவதும் மூடியிருக்கும் நிலை, குறைந்த எண்ணிக்கையோடு கூடும் நிலை, ஞாயிறு தவிர மற்ற நாள்களில் கூடும் நிலை. அரசாணையையும் பேராய அலுவலகத்தின் சுற்றறிக்கையையும் படித்து, எந்த நிலை நடப்பில் இருக்கிறது என்று சபைக்குச் சொல்ல ஒரே ஒருவரை நியமியுங்கள். வாட்ஸ்அப்பில் கைமாறி வரும் செய்தியை வைத்து எவரும் அறிவிப்பு செய்யக்கூடாது. காவல் நிலையத்துக்கும் மாநகராட்சியின் பகுதி அலுவலகத்துக்கும் அந்த ஒருவரே போய்வரட்டும். முகம் தெரிந்தவருக்குப் பதில் எளிதில் கிடைக்கும்.

நான்காம் படி: தொலைவிலிருந்து ஆராதனை

ஒளிபரப்பைவிட ஒலிப்பதிவை முதலில் நினையுங்கள். இருபது நிமிட ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் எளிதாகச் செல்லும். நாள்கூலி இல்லாத வீட்டில் அன்றைய டேட்டா முழுவதையும் அது தின்றுவிடாது. பிள்ளைகளின் இணையவகுப்புக்கும் மிச்சம் இருக்கும். ஸ்மார்ட்போன் இல்லாத மூத்தவர்களுக்கு, விசாரிக்கும் பொறுப்பாளர் நாலைந்து பேரை ஒரே அழைப்பில் இணைத்து, வேதபகுதியை வாசித்து, ஒரு கீர்த்தனையின் முதல் சரணத்தைப் பாடி, ஜெபித்து முடிக்கலாம். கால் மணி நேரம் போதும். ஆராதனை முறைமையைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்சிட்டு, அரிசிப் பையோடு சேர்த்து வீட்டுக்கு அனுப்பியது எங்களுக்கு நன்றாகப் பயன்பட்டது.

ஆலய வளாகத்திலேயே குடியிருக்கும் ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளையிடம், ஞாயிறு காலை வழக்கமான நேரத்தில் மணியடிப்பதை நிறுத்தவேண்டாம் என்று சொல்லுங்கள். மணி கேட்டதும் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம் என்று பலர் பின்னர் சொன்னார்கள்.

திருவிருந்தைப் பற்றி ஆலயக் குழு தானாக முடிவெடுக்கக்கூடாது. வீட்டில் அப்பமும் திராட்சைரசமும் வைத்துக்கொண்டு கைபேசி முன் பங்குபெறலாமா, பொதுப் பாத்திரத்துக்குப் பதில் தனித்தனிச் சிறு கிண்ணங்களைப் பயன்படுத்தலாமா, அப்பம் மட்டும் போதுமா என்பவற்றில் சபைப்பிரிவுக்குச் சபைப்பிரிவு போதனை வேறுபடும். ஆயர் வழியாகப் பேராயரின் வழிகாட்டுதலைக் கேட்டு, கிடைத்த பதிலைக் காரணத்தோடு சபைக்கு விளக்குங்கள். காரணம் சொல்லப்படாத மாற்றமே மனத்தாங்கலை உண்டாக்குகிறது.

ஐந்தாம் படி: மீண்டும் கூடும்போது காற்றும் பாட்டும்

தொடக்கத்தில் எல்லாரும் கைகழுவுதலையும் இருக்கைகளைத் துடைப்பதையும் பற்றியே பேசினோம். அவை தேவைதான். ஆனால் இந்த நோய் முதன்மையாகக் காற்றின் வழியாகவே பரவியது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜித் என்ற மாவட்டத்தில் 2020 மார்ச் 10ஆம் தேதி மாலை ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்திருந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் கண்டது. அவர்களில் 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, மற்றவர்களுக்கு அறிகுறிகளைக்கொண்டு கணிக்கப்பட்டது. இருவர் இறந்தார்கள். உரக்கப் பாடும்போது வாயிலிருந்து வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதக்கின்றன என்பதே காரணம். மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4ஆம் தேதி வழிபாட்டுத் தலங்களுக்கு வெளியிட்ட நடைமுறையில் பாடகர் குழுக்களுக்கு அனுமதி மறுத்து, பதிவுசெய்த இசையைப் பயன்படுத்தச் சொன்னதும் இந்த அச்சத்தினால்தான். பாட்டில்லாத ஆராதனை தமிழ்க் கிறிஸ்தவர்களுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நான் அறிவேன். கொயரில் முப்பது ஆண்டு பாடியவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கண்கலங்கியதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அந்த விதியில் சலுகை கொடுக்காதீர்கள்.

முதலில் ஆலயத்தின் காற்றோட்டத்தைச் சோதியுங்கள். நம் பகுதியின் பழைய ஆலயங்கள் உயர்ந்த கூரையும் எதிரெதிர் சன்னல்களும் கொண்டவை. பல ஆண்டுகளாகத் திறக்கப்படாமல் துருப்பிடித்த சன்னல் கொக்கிகளுக்கு எண்ணெயிட்டுத் திறந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். ஷட்டர் போட்ட வாடகைக் கூடத்தில், குளிர்சாதனத்தை நம்பிக் கூடும் சிறிய சபைகளுக்கே ஆபத்து அதிகம். அவர்கள் வீட்டு உரிமையாளரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே பேசி, ஒலிபெருக்கி இல்லாமல், மொட்டைமாடியில் மாலையில் கூடுவதே நல்லது. அறைக்குள் கூடித்தான் ஆகவேண்டுமென்றால், வெளியேற்று மின்விசிறி ஒன்றைப் பொருத்திக் கதவைத் திறந்துவையுங்கள்.

ஒரு நீண்ட ஆராதனையை மூன்று சிறிய ஆராதனைகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் நாற்பது நிமிடத்தைத் தாண்டவேண்டாம். இடையில் அரைமணி நேரம் ஆலயம் காலியாக, சன்னல் திறந்தபடி இருக்கட்டும். எந்தத் தெருவார் எந்த நேரத்துக்கு வரவேண்டும் என்பதை வீட்டேட்டைக்கொண்டு முடிவுசெய்யலாம். வந்தவர்களின் பெயர்களை வாசலில் எழுதிவைத்தால், ஒருவருக்குத் தொற்று உறுதியாகும்போது உடன் இருந்தவர்களுக்குச் சொல்ல முடியும். தரையில் பாய்விரித்து உட்காரும் வழக்கமுள்ள சபைகளில் அவரவர் விரிப்பை அவரவரே கொண்டுவரட்டும். காணிக்கைப் பை கைமாறாமல் வாசலில் ஒரு பெட்டி வைக்கலாம். கையோடு கை சேர்த்துச் சமாதானம் பகிரும் இடத்தில், இருந்த இடத்திலிருந்தே கைகூப்பிக்கொள்ளலாம். அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களையும் பத்து வயதுக்குட்பட்டவர்களையும் கர்ப்பிணிகளையும் வீட்டிலிருக்குமாறு சுகாதார அமைச்சகத்தின் அந்த நடைமுறை அறிவுறுத்தியது. இதை வாசலில் நிறுத்திச் சொல்லாமல், முந்தின நாளே வீட்டுக்குப் பேசிச் சொல்லுங்கள். வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு வேதாகமத்தோடு வந்துநிற்கும் பாட்டியை வாசலில் திருப்பியனுப்புவது எவருக்கும் தாங்காது.

ஆறாம் படி: அரிசியும் பணமும்

பெண்கள் ஐக்கியத்தில் கைப்பிடி அரிசிக் காணிக்கை என்ற பழைய வழக்கம் உங்கள் சபையில் நின்றுபோயிருந்தால், அதை இப்போதே உயிர்ப்பியுங்கள். ஒவ்வொரு வேளையும் உலையிடும்போது ஒரு பிடி எடுத்து ஒரு டப்பாவில் போட்டுவைப்பது நாள்கூலிக் குடும்பத்தாலும் இயலும். ஊரடங்கின்போது கடைக்குப் போகாமலே சபைக்குள் அரிசி இருப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. அதோடு அரசு தருவதைக் குடும்பங்கள் தவறாமல் பெறச் செய்யுங்கள். 2020இல் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், 2021இல் இரு தவணைகளில் 4,000 ரூபாயும் நியாயவிலைக் கடைகளில் வழங்கப்பட்டன. டோக்கன் வாங்கப் போகமுடியாத மூத்தவர்களும், முகவரி மாறியதால் அட்டை வேறிடத்தில் இருந்தவர்களும் அவற்றை இழக்கும் நிலையில் இருந்தார்கள். அம்மா உணவகம் எங்கே திறந்திருக்கிறது என்பதையும் வீட்டேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

உதவிப் பையை இரவில், பெயர் எழுதாமல், வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்கவேண்டாம். அதே தெருவில் சபையைச் சேராத குடும்பம் பட்டினியாக இருந்தால் அங்கும் ஒரு பை போகட்டும். எந்த மதம் என்று கேட்பதும், பையோடு கைப்பிரதி வைப்பதும் கூடாது. பசித்தவரிடம் அப்படிக் கொடுப்பது அவரை அவமதிப்பதாகும்.

பணம் வாங்குவதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. க்யூஆர் கோடு சபையின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே இருக்கவேண்டும். அவசரத்துக்காகப் பொருளாளரின் சொந்த எண்ணைக் கொடுத்தால், நேர்மையானவர் மீதும் பின்னால் பேச்சு வரும். வெளிநாட்டு உறவினர்கள் பணம் அனுப்ப முன்வந்தால், அனுப்புகிறவரின் குடியுரிமையைக் கேளுங்கள். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் உழைத்த தன் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவுபெறாத சபை அதை வாங்கக்கூடாது. 2020இல் செய்த திருத்தத்துக்குப்பின், பதிவுபெற்ற அமைப்புகளும் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடில்லி முதன்மைக் கிளையிலுள்ள கணக்கில்தான் பெறமுடியும்.

ஏழாம் படி: நோயுற்றவர்களோடு

பழைய வண்ணாரப்பேட்டையில் புனித ரோக்கு பெயரில் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உண்டு. கொள்ளைநோயால் தவிப்போரின் பாதுகாவலராக அவரை மதிக்கிறார்கள். தண்டையார்பேட்டையில் அரசின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நம் பகுதிக்கு இப்படிப்பட்ட காலம் புதிதல்ல என்பதை இவை எனக்கு நினைவூட்டுகின்றன.

ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிராக நிறுத்தும் பேச்சை ஆயரும் மூப்பர்களும் மேடையிலிருந்தே மறுக்கவேண்டும். மாத்திரையை நிறுத்துங்கள், பரிசோதனைக்குப் போகவேண்டாம் என்று எவர் சொன்னாலும், அவர் எவ்வளவு பெரிய ஊழியக்காரராக இருந்தாலும், அந்தப் பேச்சைச் சபையின் குழுக்களில் பரவவிடாதீர்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108 என்ற எண்களை ஆராதனைத் தாளின் அடியில் அச்சிடுங்கள். சபைக்கென்று மூன்று நான்கு ஆக்சிமீட்டர்கள் வாங்கி, தேவைப்படும் வீட்டுக்குக் கொடுத்துத் திரும்பப் பெற்றுத் துடைத்துவையுங்கள். நகப்பூச்சோ மருதாணியோ இருந்தால் அளவு தவறலாம் என்றும், உயிர்வளி அளவு 94க்குக் கீழே வந்தால் காத்திருக்கக்கூடாது என்றும் சொல்லிக்கொடுங்கள். தனியறை இல்லாத வீட்டில் ஒருவருக்கு நோய் வந்தால், மாநகராட்சி நடத்தும் பராமரிப்பு மையத்தில் சேர்வதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு. அங்கே போவதை அவமானமாக நினைப்பவரிடம், அவர் மதிக்கும் ஒருவரைக்கொண்டு பேசவையுங்கள்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, நாங்கள் கண்ட சிறந்த வழி எளியது. முதியவர்களுக்குத் தடுப்பூசி தொடங்கிய 2021 மார்ச்சில், சபையின் மூத்த உறுப்பினர்கள் சிலர் முதலில் போட்டுக்கொண்டு, ஊசி போட்ட கையைக் காட்டித் தங்கள் தெருவில் பேசினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 12 முதல் அரசு நடத்திய மெகா தடுப்பூசி முகாம்கள் முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஞாயிறன்று ஆலயம் மூடியிருந்த அந்தக் காலத்தில், வாலிபர்கள் மூத்தவர்களை ஆட்டோவில் முகாமுக்கு அழைத்துப்போவதையே அன்றைய பணியாக்கிக்கொண்டார்கள்.

எட்டாம் படி: மரணமும் அடக்கமும்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. இதற்கான ஆயத்தத்தை மரணம் நேருமுன்பே செய்யவேண்டும்.

2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த ஒரு மருத்துவரின் உடலைச் சென்னையில் அடக்கம் செய்யவிடாமல் கூட்டம் கூடித் தடுத்த நிகழ்ச்சி நாடறிந்தது. அதன்பின் அம்மாதம் 26ஆம் தேதி, தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இன்கீழ், அரசால் அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தைத் தடுப்பவருக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் வந்தது. இதைப் பொறுப்பாளர்கள் அனைவரும் அறிந்திருக்கவேண்டும். தெருவில் எதிர்ப்பு எழுந்தால் வாக்குவாதம் செய்யாமல் காவல் நிலையத்துக்குச் சொல்ல இது போதும். அதைவிட முக்கியமாக, மண்ணுக்குள் வைத்த உடலிலிருந்து பக்கத்து வீடுகளுக்கு நோய் பரவாது என்பதை முன்கூட்டியே தெருவில் பேசிப் புரியவையுங்கள்.

ஒவ்வொரு குடும்பத்துக்கும் எந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் இருக்கிறது என்று வீட்டேட்டில் எழுதிவையுங்கள். காசிமேட்டிலும் கீழ்ப்பாக்கத்திலும் உள்ள கல்லறைத் தோட்டங்களைக் கல்லறை வாரிய அறக்கட்டளை நிர்வகிக்கிறது. குடும்பக் கல்லறைக்குரிய ரசீது எங்கே இருக்கிறது என்று நள்ளிரவில் அலமாரியைத் துழாவும் நிலையில் எந்தக் குடும்பத்தையும் விடாதீர்கள். அதன் நகலை ஆலய அலுவலகத்தில் வையுங்கள். மருத்துவமனைச் சான்று, ஆதார், ரசீது ஆகியவற்றோடு அலுவலகங்களுக்குப் போய்வர, துக்க வீட்டாரைச் சேராத இருவரை எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

உடலைக் குளிப்பாட்டவும் முத்தமிடவும் தழுவவும் சுகாதார அமைச்சகத்தின் 2020 மார்ச் வழிகாட்டுதல் தடைவிதித்தது. ஆனால் உடலைத் தொடாமல் வேதம் வாசிப்பதையும் மற்றச் சடங்குகளைச் செய்வதையும் அது அனுமதித்தது. உறையின் முகப்பகுதியைத் திறந்து, உரிய பாதுகாப்போடு, உறவினர் கடைசியாக ஒருமுறை பார்க்கவும் அதில் இடம் இருந்தது. இதை அறியாமல், ஜெபமே கூடாது என்று நினைத்து மௌனமாக அடக்கம்செய்து திரும்பிய குடும்பங்கள் உண்டு. அந்த வருத்தம் அவர்களை இன்னும் விடவில்லை. ஆகவே பத்து நிமிடத்துக்குள் முடியும் அடக்க ஆராதனை முறைமை ஒன்றை ஆயரிடம் கேட்டு வாங்கி, ஆயர் வரமுடியாதபோது வாசிக்க நியமிக்கப்பட்டவரிடம் கொடுத்துவையுங்கள். இருபது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று விதி இருந்தால், எவர் போவது என்பதைக் குடும்பத்தின் மூத்தவரே சொல்லட்டும். கைபேசியில் நேரலையாகக் காட்டுவதும் அவர்கள் விரும்பினால் மட்டுமே.

அடக்கம் முடிந்தபின் அந்த வீட்டுக்கு யாரும் வரமாட்டார்கள். தெருவே கதவடைத்திருக்கும். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் வழக்கத்தை வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டுக் குரல்கொடுக்கும் முறையிலாவது தொடருங்கள். நாற்பது நாள்வரை, அவர்களுக்குப் பழக்கமான ஒரே குரல், நாள்தோறும் ஒரே நேரத்தில் தொலைபேசியில் வரட்டும்.

மற்றவை

ஓலை வாசிப்பை, அதாவது நடக்கவிருக்கும் திருமணத்தைச் சபையில் அறிவிப்பதை, ஒலிப்பதிவு ஆராதனையில் செய்யலாமா என்று ஆயரிடமும் பேராய அலுவலகத்திடமும் எழுத்தில் கேளுங்கள். தேதி தள்ளிப்போனால் அறிவிப்பைப் புதுப்பிக்கவேண்டுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஞாயிறு பள்ளியைத் திரையில் நடத்துவதைவிட, ஆசிரியர் வாரத்துக்கொருமுறை ஒவ்வொரு பிள்ளையோடும் ஐந்து நிமிடம் பேசுவது பயன்தரும்; பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய பையன்களையும், அவசரமாக வரன் பார்க்கப்பட்ட பெண்பிள்ளைகளையும் நாங்கள் அப்படித்தான் கண்டுபிடித்தோம். கிறிஸ்துமஸ் கேரல் பவனியை வீட்டுக்குள் போகாமல் தெருமுனையில் நின்று, கிட்டார் இசையோடு மட்டும் நடத்தலாம்.

கடைசிப் படி: நோய் தணிந்தபின்

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5ஆம் தேதி அவசரநிலையை முடித்துக்கொண்டபோது, பல சபைகளில் விசாரிக்கும் ஏற்பாடுகள் அதற்கு வெகுகாலம் முன்பே கலைந்துபோயிருந்தன. நீங்கள் கலைக்கவேண்டாம். வாரம் இருமுறை பேசியதை மாதம் ஒருமுறையாகக் குறைத்து, வீட்டேட்டை ஆண்டுக்கு இருமுறை சரிபாருங்கள். ஆராதனைக்குத் திரும்பிவராத குடும்பங்களிடம் "ஏன் வரவில்லை?" என்று கேட்காமல், வீட்டுக்குப் போய்வாருங்கள், சிலர் அடக்கத்துக்கு எவரும் வராத காயத்தோடு இருப்பார்கள்.

அவர்களுக்காக ஒரு நினைவு ஆராதனை நடத்துங்கள். மூடிய நாள்களில் இறந்த ஒவ்வொருவரின் பெயரையும், குடும்பத்தார் அழைக்கும் பெயரிலேயே, வீட்டேட்டின் வரிசைப்படி தெருத்தெருவாக எழுதிக்கொள்ளுங்கள். என்ன நோயால் இறந்தார் என்று எழுதவேண்டாம். அவர் அமர்ந்து பழகிய இடத்தைக் குடும்பத்துக்கு ஒதுக்கிவையுங்கள். ஆயர் பெயரை வாசிக்கும்போது குடும்பத்தார் எழுந்து நிற்கட்டும். அந்தத் தெருவார் அனைவரும் அவர்களோடு எழுந்து நிற்கட்டும். ஒவ்வொரு பெயருக்கும் கோயில்பிள்ளை ஒருமுறை மணியடிக்கட்டும். அன்று பாட்டு உண்டு. கொயரை முன்வரிசையில் உட்காரவையுங்கள்.